முப்பத்திரண்டு ஓட்டு வேண்டியிருந்தது

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே சுகமாக இருக்கவேண்டும், தினமும் எங்கள் நினைப்பு அதுதான். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன், குட்டிப்பயலைக் கூப்பிடு என்பேன், லைன் சரியில்லை என்பேன், அந்த வித்தையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. தாளில் அது நடக்காது. அதுவுமில்லாமல் முப்பத்தோரு வருஷம் கோர்ட்டுப் பதிவறையில் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான், எழுதி வைத்தால்தான் ஒரு விஷயம் நடந்தது என்றே என் மனசில் பதிகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று, இது நாலாவது. அம்மா எதிரே உட்கார்ந்து பேனா சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் நிறுத்தினால் ஏன் நிறுத்திட்டீங்க என்கிறாள்.

அவள் கண் போன தடவை சொன்னதைவிட மங்கிவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும், வலது கண்ணில் ஆள் வந்தால் நிழல் மாதிரி. டாக்டர் சொட்டு மருந்தை நிறுத்தவேண்டாம் என்றார், நிறுத்தவில்லை. வீட்டுக்குள் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினோரு அடி, அடுப்படியிலிருந்து பால்கனிக்கு ஏழு, எல்லாம் எண்ணி வைத்திருக்கிறாள், நான் ஒரு நாற்காலியை அரை அடி நகர்த்தினாலும் வீடு ரெண்டுபடும். ரெண்டாம் மாடியில் உன் வீட்டை ஞாயிற்றுக்கிழமை தோறும் திறந்து ஜன்னலை விரித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அடுப்படிக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றிவிட்டேன். நீ வாங்கிய நாளிலிருந்து பூட்டியே கிடக்கிற வீடு, குட்டிப்பயல் வளர்ந்த பிறகாவது வந்து இருப்பாய் என்று தரையைத் துடைத்து வைக்கிறேன். அவனுக்கு இருமல் என்றாயே, ஈரத்தலையோடு வெளியே விடாதே. நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், சின்ன வயசிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால், நம் கட்டடத்தில் ஓட்டெடுப்பு நடந்த மறுநாள், நீ போனில் கேட்டாயே, அப்பா, ஓட்டுப் போட்டு இந்த மாதிரி விஷயத்தைச் சரிபண்ணவே முடியாதா, இன்னைக்கு வலிக்கும் இருபது வருஷம் கழிச்சுத்தான் நல்லதுன்னா ஜனங்க அதுக்கு ஓட்டே போடமாட்டாங்களா என்று. நான் பெரிய ஞானி மாதிரி பெருமூச்சு விட்டு, ஜனங்க அப்படித்தாம்மா, அவங்களைத் திருத்த முடியாது என்றேன். அந்தப் பதில் நாலு மாதமாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

கதையை முழுசாகச் சொல்கிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். கட்டடத்தின் தரைத்தளத்துத் தூண்களில் துரு ஏறியிருக்கிறது என்று முதன்முதலில் பேச்சு வந்தது நீ காலேஜில் சேர்ந்த வருஷம். அப்போது ஒரு தூணில் தலைமுடி அளவு கோடு. வருஷா வருஷம் சங்கக் கூட்டம், அதே கார் நிறுத்துகிற இடத்தில், அதே தூண்களுக்கு நடுவே நாற்காலி போட்டு, சிலபேர் அந்தத் தூணிலேயே சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு. சங்கச் செயலாளர் நான்தானே, தீர்மானப் புத்தகம் என் கையெழுத்து. தூண் பழுதுபார்ப்பு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இப்படி எழுதி எழுதி எனக்குக் கை வலித்து, ஒருநாள் கடைவீதியில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவனிடம் போய் அந்த மூன்று வார்த்தையையும் ஒரு ஸ்டாம்பாகவே அடித்து வாங்கி வந்துவிட்டேன். பதிவறைப் புத்தி, வேறென்ன சொல்ல. கூட்டத்தில் அதை எடுத்துக் காட்டியபோது எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கு அப்புறம் பன்னிரண்டு வருஷம் அதை உபயோகித்திருக்கிறேன், ரெண்டு தடவை மைப்பஞ்சு மாற்றினேன்.

தலைவர் பதவி நம் சங்கத்தில் ஒரு வருஷம்தான். தூணைத் தொட்டவன் எவனும் மறு வருஷம் ஜெயித்ததில்லை. ஆறாம் மாடிக் கணக்கு வாத்தியார் ஒரே ஒருமுறை தலைவராக வந்தார், நல்ல மனுஷன், வந்தவுடனே எல்லோரும் பதினைந்து மாதம் வீட்டைக் காலி பண்ணினால்தான் தூணைப் பலப்படுத்த முடியும் என்று உள்ளதைச் சொன்னார். மறு வருஷம் அவருக்கு ஒன்பது ஓட்டு. அவரைத் தோற்கடித்தவரை உனக்கு ஞாபகம் இருக்கும், எதைக் கேட்டாலும் அப்புறம் பாப்போம் என்பாரே, அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு அப்புறம் சார் என்றே பெயர். வந்ததும் லிஃப்டில் கண்ணாடி மாட்டினார், வெளிச்சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார், விரிசல் எல்லாம் மறைந்து கட்டடம் பவுடர் பூசிய கிழவன் மாதிரி ஆகிவிட்டது. அவரை நான்கு தடவை தொடர்ந்து ஜெயிக்க வைத்தோம். வைத்தோம் என்று எழுதுகிறேன், கவனித்துக்கொள்.

அம்மாவை மட்டும் பெயின்ட் ஏமாற்றவில்லை. அவள் படியிறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே இறங்குகிறவள், ரெண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு விரிசல் அவளுக்கு நல்ல பழக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் நகம் மட்டும் போகும். போன வருஷம் நகக்கண் வரைக்கும் போனது. இப்போது சுண்டுவிரல் நுனி போகிறது. அவள் ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்வாள், நான் ஆமாம் ஆமாம் என்று செய்தித்தாளைப் புரட்டுவேன். அதில் அணை, காடு, கடல்மட்டம் என்று எங்கெங்கோ ஒத்திப்போடுகிறவர்களைப் பற்றி வரும், படித்துவிட்டு இந்த மந்திரிகளுக்கு அடுத்த தேர்தலுக்கு மேலே கண்ணே தெரியாது என்று திட்டுவேன். எதிரே கண் தெரியாதவள் உட்கார்ந்திருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

கடைசியில் இந்த வருஷம் வாத்தியார் விடாப்பிடியாக நின்று ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் தூணில் துளை போட்டுப் பார்த்து, இன்னும் எட்டுப் பத்து வருஷம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் அதைப் படித்தார்கள், முதல் பாதியை மட்டும் படித்தார்கள். எல்லோரும் காலி செய்யவேண்டிய வேலை என்பதால் மூன்றில் ரெண்டு பங்கு பேர் சம்மதிக்கவேண்டும், அதாவது முப்பத்திரண்டு ஓட்டு. கை தூக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ரகசிய ஓட்டாக வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். மாடிப்படிக்குக் கீழே தபால்பெட்டி வரிசை இருக்கிறதே, அதில் ஆளில்லாத வீட்டுப் பெட்டி ஒன்றைக் கழற்றித் துடைத்துப் பூட்டுப் போட்டு ஓட்டுப்பெட்டி ஆக்கியவனும் நான். சீட்டில் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுதி உள்ளே போடவேண்டும், பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியூரில் இருக்கிறவர்கள் தங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போட யாரையாவது குறிப்பிட்டுப் பிராக்ஸி கடிதம் அனுப்பலாம். நீ அனுப்பினாய், என் பெயரை எழுதி, ஓரத்தில் சின்னதாக, வேண்டும்னு போடுங்கப்பா என்று.

கூட்டத்தன்று நான் பேசினேன். போனில் உன்னிடம் சொன்னேனே, அது பொய் இல்லை. எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசினேன். நமக்கு வயசாகிவிட்டது, நம் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டடம் வேண்டாமா, இன்றைக்கு நம் சௌகரியத்துக்காக நாளைக்கு இருக்கப்போகிறவர்கள் தலையில் கல்லைப் போடலாமா என்றெல்லாம். கைதட்டினார்கள். கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சார்கூட வந்து கை கொடுத்து, பிரமாதமா பேசினீங்க சார், ஆனா பாருங்க, இப்ப அவசரமா என்றார். சாயங்காலம் பெட்டியைத் திறந்து எண்ணினோம். வேண்டும் முப்பது. வாத்தியார் நம்பாமல் மறுபடி எண்ணினார், அப்போதும் முப்பதுதான். நான் புத்தகத்தைத் திறந்து ஸ்டாம்பை எடுத்து அடித்தேன்.

அன்றைக்கே வாத்தியார் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரே ஆத்திரம். இதையெல்லாம் ஓட்டுக்கே விட்டிருக்கக் கூடாது சார், ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னு கிளாஸ்ல கை தூக்கச் சொல்லியா முடிவு பண்றோம், தெரிஞ்சவன் ஒருத்தன் சொல்லணும், மத்தவன் கேக்கணும் என்றார். நீயும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும், படித்தவர்களுக்கு அந்த எண்ணம் சீக்கிரம் வரும். நான் வாத்தியாரிடம் எங்கள் பதிவறைக் கூரையைப் பற்றிச் சொன்னேன். அங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை, மேலே ஒரு அதிகாரி, அவர் சொன்னதுதான் சட்டம். ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தர் மாற்றலாகி வருவார், கூரை ஒழுகுவதைப் பார்ப்பார், நான் போன பிறகு ஒழுகட்டும் என்று கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பன்னிரண்டு வருஷம், ஆறு அதிகாரி, பதினெட்டு வாளி. கடைசியில் ஒரு மழையில் அலமாரியோடு சரிந்து எத்தனை பேருடைய நிலப் பத்திரம் கூழாகப் போயிற்று என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுப் போட்டாலும் ஒத்திப்போடுவான், ஓட்டில்லாவிட்டாலும் ஒத்திப்போடுவான், மனுஷ ஜாதி அப்படி என்றேன். ஒரு மேதாவியை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தேன், என் முகத்தைப் பார்த்தால் உனக்கே அடிக்கத் தோன்றியிருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கீழே கொஞ்சம் காரை பெயர்ந்து விழுந்தது என்று சொன்னேன் இல்லையா. கொஞ்சம் இல்லை பாப்பா. கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் குடியிருக்கிற தையல்காரம்மா இருக்கிறாளே, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள், அவள் வீட்டுக் கூரை. மத்தியானம் ரெண்டரை மணி, ரெண்டு நாளாக விடாத மழை. லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம், நான் செருப்புகூடப் போடாமல் இறங்கினேன். கூரையிலிருந்து ஒரு கட்டில் அகலத்துக்கு சிமெண்டு அப்படியே பெயர்ந்து தையல் மெஷின் மேல் கிடந்தது, மேலே கம்பி தெரிந்தது, கம்பி என்று சொல்லக்கூடாது, தொட்டால் உதிர்கிற செம்மண். பாதி தைத்த சட்டை ஒன்று ஊசியிலேயே மாட்டிக்கொண்டு இருந்தது. அவள் தலை தப்பியது, வலது மணிக்கட்டு ரெண்டு இடத்தில் போய்விட்டது, பிளேட் வைத்திருக்கிறார்கள், பழையபடி கத்தரி பிடிக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. பெண் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பிழைத்தது. தூசிக்குள் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, சார், மெஷின் உடைஞ்சிடுச்சா.

அவளுக்கு ஓட்டில்லை, வாடகைக்கு இருக்கிறவள். அவள் வீட்டுக்கு ஒரு ஓட்டு உண்டு, அது வேறொரு ஊரில் இருக்கிற வீட்டுக்காரனுடையது, அவன் தன் பிராக்ஸியை அப்புறம் சாரிடம் கொடுத்திருந்தான். அவள் தலைக்கு மேலே இருக்கிற கூரையைப் பற்றி, அதன் கீழே ஒரு நாள்கூடத் தூங்காத ரெண்டு பேர் முடிவு செய்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன், பெரிய மனுஷன் பாரு. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து இடது கையால் தலைமுடியைச் சரிபண்ணிக்கொண்டு, வாத்தியார் சொன்னாரு சார், மீட்டிங்ல எங்களுக்காக நீங்க ஒருத்தர்தான் அவ்வளவு நேரம் பேசினீங்களாம், ரொம்ப நன்றி சார் என்றாள். நான் பரவாயில்லம்மா என்றேன். பரவாயில்லம்மா என்று சொன்னேன் பாப்பா, அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவன் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

முப்பத்திரண்டு வேண்டியிருந்தது, முப்பது விழுந்தது. என் கையில் ரெண்டு சீட்டு இருந்தது, நம் வீட்டுக்கு ஒன்று, உன் வீட்டுக்கு ஒன்று. ரெண்டிலும் வேண்டாம் என்று எழுதியவன் உன் அப்பா.

எழுதியாயிற்று. அம்மா பேனா நின்றதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இந்த ஒரு தடவை.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். முதல் சீட்டைக் கையில் எடுத்தபோது அம்மாவின் பதினோரு அடி ஞாபகத்துக்கு வந்தது, புது வீட்டில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பாளே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் மூன்று மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் நினைத்தேன், இவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறோம், எப்படியும் நிறைவேறிவிடும், மற்றவர்கள் போடுவார்கள், நம் ஒரு ஓட்டு எதிராக விழுந்தால் என்ன கெட்டுப் போயிற்று என்று. பேச்சில் நல்லவனாகவும் இருக்கலாம், வீட்டையும் காலி பண்ணவேண்டாம், ரெண்டும் கிடைக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. உன் சீட்டு வந்தபோது கொஞ்சம் கை நின்றது. உன் கையெழுத்தைப் பார்த்தேன், வேண்டும்னு போடுங்கப்பா. நம் வீட்டுச் சீட்டில் ஒன்று, உன் சீட்டில் இன்னொன்று என்று போட்டால் ரெண்டும் அடிபட்டுப் போகுமே, அப்புறம் எதற்கு ஓட்டு என்று தோன்றியது. அங்கே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்கு இங்கே நடப்பது என்ன தெரியும் என்றும் தோன்றியது. ஒரே பென்சில், ஒரே நிமிஷம். நாளைக்கு இருக்கப்போகிறவர்கள் தலையில் கல்லைப் போடலாமா என்று கேட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், உனக்காகத்தான் அப்படிப் போட்டேன் என்று ஆரம்பித்தேன். அவள் கடைசிப் பட்டாணியையும் உரித்துப் போட்டாள். அப்புறம், என்னைச் சாக்கா வெச்சீங்களா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, எனக்குக் கண்ணுதான் தெரியாது, வாய் இருக்கு என்றாள். இன்னொரு வீட்டுல அடி எண்ண எனக்கு ஒரு வாரம் போதும், விரிசல் விரல் போற அளவுக்கு ஆயிடுச்சுன்னு ரெண்டு வருஷமா யார் கிட்ட சொல்லிட்டிருந்தேன் என்றாள். உண்மை என்னவென்றால் வீட்டை மாற்ற முடியாதவள் அவள் இல்லை, நான். இந்த ஜன்னல், இந்த நாற்காலி, காலையில் செய்தித்தாள், கூட்டம் நடத்துகிற செயலாளர் என்கிற மரியாதை, இதையெல்லாம் பதினைந்து மாதம் விட்டுவிட்டு முன்பின் தெரியாத தெருவில் யாரோ ஒரு கிழவனாக இருக்க எனக்கு மனசில்லை. நம் வீடு ரெண்டு பேர் பெயரிலும்தான் இருக்கிறது, இருபத்தாறு வருஷமாக அந்த ஓட்டை நான்தான் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை, அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை. ஊர் ஜனநாயகத்தைப் பற்றி அவளிடமே உட்கார்ந்து அத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்.

முந்தாநாள் தையல்காரம்மா வீடு திரும்பினாள். கூரைக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, அதற்குக் கீழேயே இருக்கிறாள், வேறு இடம் இல்லை. அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், வழி தெரிந்தவள் அவள்தான் என்கிற மாதிரி. நான் சொன்னேன். தையல்காரம்மா கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அப்ப ரெண்டு ஓட்டுலதான் நின்னு போச்சா சார் என்றாள், அவ்வளவுதான். பிறகு எழுந்து உள்ளே போய், நான் போன மாதம் தைக்கக் கொடுத்திருந்த தலையணை உறைத் துணியை மடித்தபடியே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள். வாத்தியாரிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன், தீர்மானப் புத்தகம், ஸ்டாம்பு, பதவி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார், உள்ளே வரச் சொல்லவில்லை. நகராட்சியிலிருந்து வந்து படம் எடுத்து ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், சங்கம் கூடி முடிவெடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. லிஃப்டில் நேற்று அப்புறம் சாரைப் பார்த்தேன், கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே, அந்த ஒரு வீட்டுக் கூரையை மட்டும் பூசிட்டா போதும் சார் என்றார். அடுத்த மாதம் ரெண்டாவது ஞாயிறு மறுபடி கூட்டம், மறுபடி ஓட்டு. அதில் எழுந்து நின்று நான் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும், மீட்டிங்ல பேசினவர் மீட்டிங்லயே சொல்லணும் என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். சொல்லிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் போதவில்லை. இந்தக் கடிதத்தை எழுதிப் பார்த்துவிட்டேன், அதுவரைக்கும் வந்திருக்கிறேன்.

ஓட்டுப் போட்டு இதைச் சரிபண்ண முடியுமா என்று நீ கேட்டதற்கு எனக்கு இன்னும் விடை தெரியாது பாப்பா. ஜனங்க அப்படித்தான் என்று சொன்னேனே, அந்த ஜனம் எப்படி இருக்கும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் அதற்குத்தான் சவரம் செய்கிறேன். இந்தத் தடவை நம் வீட்டு ஓட்டை அம்மா போடுகிறாள். பென்சில் எழுத்து அவளுக்குத் தெரியாது என்பதால், வேண்டும், வேண்டாம் என்று முன்னாலேயே எழுதிய ரெண்டு சீட்டு கொடுத்து, வேண்டும் என்கிற சீட்டுக்கு மட்டும் மூலை வெட்டி வைக்கவேண்டும், என் விரலே பார்த்துக்கும், உங்க உதவி வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். உன் பழைய பிராக்ஸி கடிதம் இன்னும் எட்டு மாதம் செல்லும், அதை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், கிழித்துப் போட்டுவிடு. புதிதாக ஒன்று எழுது. பெயர் எழுதுகிற இடத்தில் யாரை வேண்டுமானாலும் எழுது, என்னை எழுதாதே. பதிலாக ஓட்டுப் போடுகிறவர் வீட்டுக்காரராக இருக்கவேண்டும் என்று சங்க விதியில் எங்கேயும் இல்லை, மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன், முப்பத்தோரு வருஷப் பதிவறை அந்த ஒரு விஷயத்துக்காவது உதவியது. தையல்காரம்மாவிடம் கேட்க எனக்கு முகம் இல்லை, அம்மாதான் கேட்டாள், பாப்பா ஓட்டை நீ போடுறியா என்று. அவள், பாப்பா எழுதினா போடறேன்மா, இடது கையால எழுதப் பழகிட்டிருக்கேன் என்றாளாம். அப்புறம் இன்னொன்றும் சொன்னாளாம், கடிதம் எனக்கே நேரா வரட்டும், சார் கை வழியா வேண்டாம் என்று.

அதனால் மறக்காதே, கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது வந்து சேருகிற மாதிரி பதிவுத் தபாலில் அனுப்பு, உறையின் மேல் அவள் முகவரி, தரைத்தளம், பின்பக்கம் ரெண்டாவது கதவு. எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உன்னோடும் மாப்பிள்ளையோடும் எப்போதும் இருக்கும், குட்டிப்பயலுக்குப் பாட்டியின் முத்தம், தாத்தாவின் முத்தத்தை அவன் பெரியவனானதும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், கொடுக்கிற யோக்கியதை இருந்தால் கொடுக்கிறேன். என்மேல் கோபம் இருந்தால் இந்த வாரம் போன் செய்யாதே, அம்மாவிடம் மட்டும் பேசு.

இப்படிக்கு,
நீ வேண்டும் என்று எழுதச் சொன்ன இடத்தில் வேண்டாம் என்று எழுதிய
உன் அப்பா